ஒரே மூச்சு ஏலம்

அந்த மீன் ஏலக் கூடத்தில் மணி கிடையாது, சுத்தியல் கிடையாது. ஏலக்காரன் மரப்பெட்டி மேல் ஏறி நின்று, நெஞ்சு கொள்ளுமட்டும் காற்றை இழுத்து, விலையைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த ஒரு மூச்சு தீரும்வரைதான் ஏலம். மூச்சு தீரும்போது யார் கேட்ட விலை மேலே நிற்கிறதோ, மீன் அவருக்கு. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒன்றும் தேறாது. ஆனால் நீள மூச்சுக்காரன் கையில் மீன் விலை ஏறும், குட்டை மூச்சுக்காரன் கையில் அடிமாட்டு விலைக்குப் போகும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதனால்தான் அந்தக் கூடத்தின் ஏலக்காரருக்குச் சங்கு என்று பெயர் வந்தது. ஊத ஆரம்பித்தால் ஓயாது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வியாபாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்தபடி நிற்பார்கள், எப்போதடா இந்த மனுஷன் முடிப்பான் என்று. அவர் முடிக்க மாட்டார். விலை ஏறிக்கொண்டே போகும். படகுக்காரர்களுக்கு அவர் சாமி மாதிரி. அந்தப் படகுக்காரர்களே ஒரு தடவை கூடிப் பேசி, இந்த மூச்சு விளையாட்டு வேண்டாம், நிறுத்தி நிதானமாக ஏலம் விடலாம் என்று கேட்டபோது, முதல் ஆளாகக் குறுக்கே விழுந்து தடுத்தவரும் இவர்தான். பின்னே? இருக்கிற ஒரே கிரீடத்தை எவனாவது தானே கழற்றிக் கொடுப்பானா?

ஊரில் எத்தனையோ நெஞ்சு வெட்டியாகக் கிடக்க, வைரஸ் இந்த நெஞ்சைத் தேடி வந்து குடியேறியது. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தார். பிழைப்பாரா என்று கேட்டவர்களுக்கு டாக்டர்கள் கையை விரித்தார்கள். எப்படியோ பிழைத்து வீடு வந்தார். வந்தது பாதி ஆள்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, கொடியில் காயப்போட்ட மாதிரி சட்டை தொங்கியது.

மாடி வீடு. மேலே கழிப்பறையோடு ஒரு அறை, கீழே சமையலறையும் முன்னறையும். மாடி அறையில் காற்று வரும் என்று அவரை அங்கே ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதோடு சரி. இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே! பாதிப் படியிலேயே கண் இருட்டியது. ஆகவே கட்டில், ஜன்னல், கழிப்பறை, மறுபடி கட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவர். ஜன்னலில்லாத, பாசி பிடித்த, முழுநீளச் சுவர். விடியும் முன்னே படகுகள் கரை சேரும் இன்ஜின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். படகு வருகிறது, மீன் வருகிறது, பெட்டி மேல் யாரோ நிற்கிறான், அது நான் இல்லை. இதை நினைத்தபடி அவர் படுத்துக் கிடப்பார். அறைக்குள் அவர் அடைபட்டிருந்தார், நெஞ்சுக்குள் அவருடைய காற்று அடைபட்டிருந்தது. இரண்டில் எது மோசம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பெட்டி மேல் நின்றவன் அவர் மனைவியின் தம்பி, நெட்டை. உயரமானவன், சாது, சுமாரான மூச்சு. வேறு ஆள் கிடைக்காமல் அவனை ஏற்றிவிட்டிருந்தார்கள். மழை தொடங்கினால் படகுகள் நின்றுவிடும், அதன்பிறகு புதுப் பருவம். புதுப் பருவத்தில் முதல் நாள் பெட்டியில் ஏறுகிறவனுக்கே அந்த வருஷம் முழுக்கப் பெட்டி. அது யார் என்பது மழைக்கு முன்னாலேயே முடிவாகிவிடும். மழைக்கு முன்னால் சங்கு திரும்பி வந்து தன் மூச்சைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் கதை முடிந்தது.

அப்படித்தான் பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சின்ன வயசுதான், ஆனால் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. வந்ததும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்க விரலில் ஒரு கிளிப்பை மாட்டுவாள், நெஞ்சில் காது வைக்காத குறையாகக் கேட்பாள். குப்புறப் படுக்க வைத்தாள். கண்ணாடிக்கு முன் நிற்கிறவர் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி 'ஹா, ஹா' என்று ஊதிச் சளியை மேலே கொண்டுவரச் சொன்னாள். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, உறிஞ்சிப் பந்தை மேலே தூக்கச் சொன்னாள். ஊரையே ஏலத்தில் தூக்கியவர் ஒரு பந்தைத் தூக்க முடியாமல் திணறினார். இரண்டாவது பந்து லேசாக ஆடியது, மூன்றாவது அசையவே இல்லை. கருவியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது. அதைத் தூக்கவும் மூச்சு வாங்கியது.

முதுகில் தட்டுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்தாள். உள்ளங்கையைக் குழித்து, விலாப் பக்கமாக, சத்தம் வர, காலையும் மாலையும். முப்பது வருஷக் குடித்தனத்தில் சங்குவின் மேல் அந்த அம்மாளுக்கு இருந்த பாக்கியெல்லாம் கைக்கு வந்தது.

“கட்டின புருஷனை அடிக்கச் சொல்லி டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?” என்றாள். சொல்லிவிட்டுத் தட்டினாள். தட்டும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்ததை அவர் பார்க்கவில்லை. முதுகு அவள் பக்கம் இருந்ததே.

சளி வந்தது, பசி வந்தது. படியில் பாதி வரைக்கும் போய்வந்தார். ஆனால் பெட்டிக்கு வேண்டியது சளியும் பசியுமா? பிசியோப் பெண்ணின் சோதனை ஒன்று இருந்தது: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும், எங்கே மூச்சு தீருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். சங்கு சிரித்தேவிட்டார். இவளுக்குத் தெரியாமலே அவருடைய தொழிலையே பரீட்சையாக வைத்திருக்கிறாள்! சிரிப்பு நிலைக்கவில்லை. பத்தைத் தாண்டியதும் தொண்டை அடைத்தது. அடுத்த எண் வாயில் வந்தது, காற்று வரவில்லை. அந்த ஒரு நொடி ஆஸ்பத்திரிக் கட்டில் மொத்தமும் திரும்ப வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டியது.

“பயப்படாதீங்க சார். முட்டறதுக்கு முன்னாடியே நிறுத்தி வாங்கிக்கணும். உதட்டைக் குவிச்சு, மெதுவா விடுங்க, அப்புறம் மூக்கால இழுங்க. மூச்சை மிச்சம் வைக்கக் கத்துக்குங்க,” என்றாள்.

மிச்சம் வைப்பதா? கடைசிச் சொட்டுவரை பிழிந்து ஊதியதால்தானே அவர் சங்கு? ஏலக்காரனிடம் போய் நடுவில் மூச்சு வாங்கு என்பது, தறியில் உட்கார்ந்தவனிடம் நடுவில் நூலை அறு என்பது மாதிரி. அவர் தலையாட்டி வைத்தார். செய்யவில்லை.

இதற்கு நடுவில் ஐஸ்காரர் வந்து போய்க்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரின் சொந்தக்காரர், கூடத்திலேயே பெரிய வியாபாரி. பழக்கூடையோடு மாடி ஏறி வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சங்கு இல்லாமல் கூடமே களை இழந்துவிட்டது, நெட்டை ஏலம் போடுவது ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்கிறது, மழைக்கு முன்னால் வந்தே ஆகணும் என்றார். மற்ற வியாபாரிகளும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். சங்குவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. படகுக்காரர்கள் ஒருத்தரும் அப்படி வந்து கூப்பிடவில்லை. சொந்த அக்காவே ஒரே ஒரு தடவை வந்தாள். அக்கா வீட்டில் ஒரு படகு, அந்த மீனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறவள் அவள்தான். வந்தவள் கஞ்சி குடித்தாயா, தூங்கினாயா என்று கேட்டாள், கூடத்தைப் பற்றி வாயே திறக்காமல் எழுந்து போனாள்.

“யாருக்கு ஊதி ஊதி விலை ஏத்திக் குடுத்தேனோ அவங்க எட்டிப் பாக்கலை. கூடப் பொறந்தவளுக்கே நான் வேண்டாதவனாயிட்டேன்,” என்று மனைவியிடம் புலம்பினார்.

மனைவிக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஐஸ்காரர் வரும்போதெல்லாம், இறங்குகையில் படியில் நின்று, இப்போ ஒரே மூச்சில் எவ்வளவு எண்ணுகிறார் என்று அவளிடம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார். “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. என் மனசுக்குச் சரியாப் படலை,” என்றாள்.

சங்குவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! தம்பியைப் பெட்டியில் நிரந்தரமாக உட்கார வைக்கத்தானே இந்தப் பேச்சு என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் முதுகில் தட்டியபோது கை முன்னைப் போலவே குழிந்துதான் இருந்தது, ஆனால் பேச்சு இல்லை. பேச்சில்லாத அடி அதிகமாக வலித்தது.

வானம் கறுக்க ஆரம்பித்தது. எண்ணிக்கை இருபதை ஒட்டி முட்டிக்கொண்டு நின்றது, மேலே போவேனா என்றது. அப்போதுதான் சங்கு அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஏலக்காரர்களுக்குள் ஒரு கெட்ட வார்த்தை உண்டு: திருட்டு மூச்சு. 'பத்து' என்னும்போது நாக்கு பல்லில் ஒட்டுகிற அந்தக் கண்ணிமைப்பில், தோள் ஆடாமல், மூக்கால் ஒரு துளி காற்றைத் திருடிக்கொள்வது. கூடத்தில் இது நடக்காது. வியாபாரிகளின் கண் மீனைப் பார்க்காது, ஏலக்காரன் நெஞ்சைத்தான் பார்க்கும். திருடினால் அங்கேயே பிடித்துப் பெட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சங்கு தன் காலத்தில் ஒருநாளும் திருடியதில்லை. அந்தப் பெருமையோடு வாழ்ந்த மனுஷன், தன் பெண் வயசுள்ள ஒருத்தி முன்னால், கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சைத் திருடினார். பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது.

அவள் கை தட்டினாள். குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டாள். விரல் கிளிப்பைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள், கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள், அப்புறம் கிளிப்பில்தான் கோளாறு என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“போய்ப் பாத்துட்டு வாங்க சார். ஆனா கத்தக் கூடாது. முட்டறதுக்கு முன்னாடியே நிறுத்தி வாங்கிக்கணும், மறக்காதீங்க,” என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, சங்கு சொல்லி அனுப்பியிருந்தபடி ஐஸ்காரர் வண்டி வாசலில் நின்றது. நெட்டை முந்தின நாளே வந்து, “மாமா, நீங்க வந்தா நான் இறங்கிக்கிறேன். ஆனா உடம்பு…” என்று இழுத்தான். மனைவி படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான் இறங்கினார்.

கூடத்தில் நுழைந்ததும் ஈரமும் ஐஸும் மீன் வாடையும் முகத்தில் அடித்தன. தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் தோளைத் தட்டினார், ஒருத்தர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகுக்காரர்கள் தங்கள் தங்கள் கூடைகளுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் அசைத்தார்கள். அக்கா தன் கூடைகள் பக்கத்தில் நின்றாள், கிட்டே வரவில்லை. இருக்கட்டும், விலை ஏறும்போது வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் பெட்டி மேல் ஏறினார். ஏறினவன் அன்றைய மீன் தீரும்வரை இறங்கக் கூடாது. நடுவில் இறங்கினால் அப்புறம் ஏறவே முடியாது. அதுவும் சட்டம்.

முதல் கூறு மீன். நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தார். கொள்ளவில்லை. இருந்ததை வைத்து ஆரம்பித்தார். குரல் வந்தது, பழைய குரல்தான், அவருக்கே உடம்பு சிலிர்த்தது. நாலு விலை ஏறியிருக்கும், அவ்வளவுதான், நெஞ்சுக்குள் கதவு அடைத்த மாதிரி ஆயிற்று. வாய் மூடிக்கொண்டது. ஐஸ்காரர் கேட்ட விலை நின்றது. மீன் அவருக்கு.

“சங்கு சங்குதான்யா,” என்று ஐஸ்காரர் கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லா வியாபாரிகளும் ஆமாம் போட்டார்கள். அந்த மீனைக் கொண்டுவந்த படகுக்காரன் குனிந்து ஓடுகிற தண்ணீரில் கை கழுவிக்கொண்டான்.

இரண்டாவது கூறும் அப்படியே போயிற்று. அப்போதுதான் சங்குவுக்கு உறைத்தது. பெட்டி மேலிருந்து வியாபாரிகளைப் பார்த்தார். வழக்கம்போல எல்லார் கண்ணும் அவர் நெஞ்சின் மேல்தான். முன்பெல்லாம் அந்தக் கண்களில் ஒரு கிலி இருக்கும். இன்றைக்கு அதில் பசி இருந்தது. பழக்கூடை, வண்டி, கையைப் பிடித்தது, படியில் நின்று விசாரித்தது எல்லாம் இந்தக் குட்டை மூச்சுக்காகத்தான். நெட்டையின் மூச்சைவிட இது இன்னும் குட்டை. இவரை வருஷம் முழுக்கப் பெட்டியில் நிறுத்திவிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். படகுக்காரர்கள் ஏன் வந்து கூப்பிடவில்லை என்பதும், அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் புரிந்தது. சாமி மாதிரி இருந்தவனிடம் போய் நீ வராதே என்று எப்படிச் சொல்வார்கள்? மனைவியிடம் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கூறு அக்காவுடையது.

அக்கா அவரைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நடக்கிறது நடக்கட்டும் என்று நின்றாள். சங்குவுக்குத் தப்பிக்க வழியில்லை. இறங்கினால் பெட்டி போயிற்று. ஊதினால் அக்காவின் மீன் போயிற்று. திருடலாம் என்றால், கட்டிலில் அந்தப் பெண்ணை ஏமாற்றிய வித்தை இத்தனை ஜோடிக் கண் முன்னால் செல்லாது. இழுத்தார், ஆரம்பித்தார். ஒரு விலை, இரண்டு விலை, மூன்றாவதில் கதவு அடைக்கத் தொடங்கியது. இன்னும் பிழியலாம், இன்னும் கொஞ்சம். கண் ஓரம் இருட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டில் எட்டிப் பார்த்தது.

அவர் நிறுத்தினார். முட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்தினார். ஐஸ்காரரின் ஆள் கூடையில் கை வைத்தான்.

“கையை எடு,” என்றார் சங்கு. உதட்டைக் குவித்து மிச்சக் காற்றை மெதுவாக விட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூக்கால் இழுத்தார். தோள் ஏறியது, நெஞ்சு ஏறியது. ஒளிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து அடுத்த விலையைச் சொன்னார்.

ஐஸ்காரர் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “அண்ணே, மூச்சு தீந்துடுச்சு. மீன் எனக்கு.”

“தீந்துச்சு. மறுபடி வாங்கிக்கிட்டேன். உயிரோட இருக்கிறவன் அதைத்தான் செய்வான்.”

சொல்லிவிட்டு அடுத்த விலைக்குப் போனார். நின்றார், வாங்கினார், சொன்னார். வியாபாரிகள் கத்தினார்கள், சட்டம் என்ன ஆச்சு என்றார்கள். கத்துகிறவர்கள் கத்தட்டும் என்று அவர் நின்ற இடத்தில் நின்றார். முதலில் ஒருத்தரும் விலை கேட்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து, சைக்கிளில் மீன் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்கிற ஒருத்தன் கையைத் தூக்கினான். ஒரே மூச்சு ஓட்டத்தில் யோசித்து வாய் திறப்பதற்குள் ஏலம் முடிந்துவிடும் என்பதால், வருஷக்கணக்காக மிச்சம் மீதி பொறுக்கிக்கொண்டிருந்தவன். அவனைப் பார்த்து இன்னொருத்தன் கேட்டான். அப்புறம் இன்னொருத்தன். விலை ஏறியது. அக்காவின் படகுக்கு எத்தனையோ நாளாகக் கிடைக்காத விலை வந்து நின்றது.

ஐஸ்காரர் பெட்டிக்குக் கிட்டே வந்தார். இப்போது சிரிப்பில்லை, ஆனால் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது.

“யோசிச்சீங்களா அண்ணே? நின்னு நின்னு மூச்சு வாங்கிப் போடறதுன்னா, இனிமே எவன் வேணா போடலாமே. உங்களுக்கு இங்க என்ன வேலை?”

சரியான கேள்வி. சங்கு அதை அவருக்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டுவிட்டார், அந்த முதல் மூச்சை எல்லாருக்கும் கேட்க இழுத்தபோதே. நெஞ்சு கிழிகிற மாதிரி இருந்தது. இது வைரஸ் அல்ல, வேறு.

“போடட்டும்,” என்றார்.

கால் நிற்கவில்லை. அக்கா ஓடி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும், சொன்னது இவ்வளவுதான்: “இறங்குடா தம்பி. நான் பாத்துக்கறேன்.” அவர் இறங்கினார். ஏறினவன் நடுவில் இறங்கியதை இன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கூடையொன்றைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவளே பெட்டி மேல் ஏறினாள்.

அவளுக்கு என்ன மூச்சு இருக்கப்போகிறது? இரண்டு விலை சொல்வாள், நிற்பாள், எச்சில் விழுங்குவாள். நடுவில் கூடையை மிதித்த ஒருத்தனைத் திட்டுவாள், விட்ட விலையிலிருந்து மறுபடி தொடங்குவாள். வியாபாரிகள் முணுமுணுத்தபடி முன்னால் நெருங்கினார்கள். அவளைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் குனிந்து மீனைப் பார்த்தார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், கண்ணை அழுத்திப் பார்த்தார்கள், பக்கத்தில் நிற்பவனிடம் எடை கேட்டார்கள். விலை ஏறிக்கொண்டிருந்தது.

சங்கு கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. கூடத்தில் ஒருத்தர் கண்ணும் அங்கே இல்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.